பொறுப்புக்கு நின்றவள்

2016 யூலை 12, செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. பத்தரைக்குத்தான் வந்தது. அதுவரை கையாலேயே எழுதினேன். இன்று மூன்று வாக்குமூலங்கள். முதல் இரண்டும் ஷெல் விழுந்தது பற்றியவை. இடம், நேரம், எத்தனை பேர், யார் தூக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரி. மூன்று வருடமாக வவுனியாவில் இந்தச் சட்ட உதவிக் கந்தோரில் இதைத்தான் எழுதுகிறேன். நடத்துகிற சட்டத்தரணி டெல்சியா மிஸ் மன்னார்க்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். போரில் பாதிக்கப்பட்ட சனங்கள் வந்து சொல்வதை நான் எழுதி ரைப் பண்ணிக் கொடுப்பேன். அவர் சட்டத்துக்கு ஏற்றபடி திருத்திக் கோப்பில் போடுவார். என்றைக்காவது ஒரு விசாரணை வரும், அன்றைக்குத் தேவைப்படும் என்பது அவருடைய நம்பிக்கை.

மூன்றாவதாக வந்தவர் வேலாயுதம் தில்லையம்பலம், அறுபத்தேழு வயது. விசுவமடுவில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓடியவர். கதிரையில் இருக்கும் முன்பே, தன் முறைப்பாடு ஆமியைப் பற்றியது இல்லை, இயக்கத்தைப் பற்றியது, அதை இங்கே எழுதுவீர்களா என்று கேட்டார். ஏற்கெனவே இரண்டு கந்தோர்களில் மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்களாம். டெல்சியா மிஸ் உள்ளே இருந்து எழுந்து வந்து, எழுதுவோம் ஐயா என்றார்.

2008இல் அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வன்னியில் இருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர, அப்போது வன்னியை ஆண்ட இயக்கத்திடம் வெளியே போகப் பாஸ் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒருவர் பின்னுக்கு நிற்க வேண்டும் என்றார்களாம். மகள் நின்றாள்.

அவ்வளவு சொன்னதும், நேரமாகிவிட்டது, வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மணிதான் ஆகியிருந்தது.

யூலை 13, புதன்

உழுந்து ஊறப்போட மறந்துபோனேன். நாள் முழுக்கத் தலையிடி.

யூலை 14, வியாழன்

தில்லையம்பலம் ஐயா ஒன்பது மணிக்கே வந்து வெளி வாங்கில் இருந்தார். நான் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து நின்றார். என்னை நன்றாகப் பார்த்தார். வெயில் கண்ணில் பட்டதால் அப்படிப் பார்த்திருக்கலாம்.

முழுக்கதையும் எழுதியாயிற்று. மனைவி பாக்கியம். மகள் நிரோஜினி, அப்போது பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை. பதினான்கு நாள் பாஸ். பதினான்கு நாளுக்குள் இருவரும் திரும்பி வராவிட்டால் பொறுப்புக்கு நின்றவரை இயக்கம் சண்டைக்கு எடுக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. பதினோராம் நாள் வன்னிக்குப் போகும் ஓமந்தைப் பாதை பூட்டுப்பட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கும் சோதனைச்சாவடிக்கும் நாலு தரம் நடந்தார். இருபத்திரண்டாம் நாள் மனைவி செத்துப்போனார். இங்கேயே எரித்துவிட்டு, பாதை திறந்த அன்றே வன்னிக்குப் போனார். வீடு பூட்டாமல் கிடந்ததாம். கோழிகள் உள்ளே நின்றனவாம்.

2009 தையில் சண்டை நடந்த ஒரு மண் அணைப் பக்கம் மகளைத் துவக்கோடு கண்டதாகப் பக்கத்து வீட்டுப் பெட்டை வந்து சொன்னாள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இயக்கம் விட்ட இறந்தவர் பட்டியலிலும் பெயர் இல்லை, ஆமி பிடித்தவர்களின் பட்டியலிலும் இல்லை.

பொலித்தீன் பையில் இருந்து அந்தப் பாஸ் துண்டை எடுத்து வைத்தார். இத்தனை இடம்பெயர்வுக்குள்ளும் அதைக் காப்பாற்றியிருக்கிறார். இயக்கத்தின் சீல், திகதி, கீழே ஒரு சின்னக் கையொப்பம். வாக்குமூலத்தில் இப்படி எழுதினேன்: ‘மகள் பொறுப்பாக நிறுத்தப்பட்டார். அனுமதித் துண்டு பார்வையிடப்பட்டது. கையொப்பம் தெளிவில்லை.’

யூலை 18, திங்கள்

டெல்சியா மிஸ் வாக்குமூலத்தைத் திருத்தித் தந்தார். ‘பொறுப்பாக நிறுத்தப்பட்டார்’ என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டார்’ என்று எழுதியிருந்தார்.

அங்கே ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, பொறுப்பு என்றுதான் சொல்வார்கள் என்றேன். படிவத்திலேயே அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

“அவை என்ன பேர் வைச்சினம் எண்டது முக்கியமில்லை அக்கா. நீ திரும்பி வராட்டி இவளை எடுப்பம் எண்டு சொல்லி ஒரு ஆளைப் பிடிச்சு வைக்கிறதுக்குச் சட்டத்தில ஒரு பேர்தான் இருக்கு.”

பிறகு நெடுநேரம் விளக்கினார். போர்ச் சட்டம் அரசாங்கங்களுக்கு மட்டும் உரியது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அது பிழை. ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கிலும் மூன்றாம் உறுப்புரை ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் நடக்கும் சண்டையில் ஒவ்வொரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். ஆயுதம் தூக்கிய இயக்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததோ இல்லையோ, சண்டையில் சேராத சனத்தைக் கொல்லக்கூடாது, வதைக்கக்கூடாது, பணயம் வைக்கக்கூடாது. அதிலும் இந்த இயக்கம் நிலத்தைப் பிடித்து ஆண்டது. பொலிஸ், கோர்ட், கந்தோர் எல்லாம் வைத்திருந்தது. அப்படியானால் சனத்துக்குப் பதில் சொல்லும் கடமையும் அதற்கு இருந்தது.

அந்த இயக்கமே இப்போது இல்லையே, தலைமையில் இருந்தவர்களும் இல்லையே, யாரிடம் பதில் கேட்பது என்று கேட்டேன்.

அமைப்பு அழிந்தாலும் செய்த வேலை அழியாது என்றார். கட்டளை போட்டவர், எழுதிக் கொடுத்தவர், கொண்டுபோனவர் என்று ஆளுக்கு ஆள் பொறுப்பு உண்டு. அதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் தங்கள் வேலையாம்.

பிறகு போகிற போக்கில், படிவத்தில் அப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வன்னியில் இருந்த எல்லாருக்கும் தெரியும் மிஸ் என்றேன். அது உண்மைதான்.

யூலை 23, சனி

வதனி வீட்டுக் கூரையில் மூன்று ஓடு மாற்றினோம். வதனி என் தங்கச்சி. போர் முடிந்து அகதி முகாமில் இருந்து வந்த நாளில் இருந்து அவளோடும் அவள் புருஷனோடும்தான் இருக்கிறேன். புருஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். பின்னேரம் கத்தரிக்காய் வெட்டும்போது, கந்தோரில் இயக்கத்துக்கு எதிரான ஒரு முறைப்பாடு வந்திருப்பதாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

வதனி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா, இத்தனை பேரை ஆமி கொன்று போட்டிருக்க எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்கத் திரிகிறாரா என்றாள். எந்த ஊர் என்று கேட்டாள். விசுவமடு என்றேன். பாஸ் அலுவலா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கறிக்கு உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டாள்.

யூலை 26, செவ்வாய்

திருத்திய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவதற்காகத் தில்லையம்பலம் ஐயாவைக் கூப்பிட்டிருந்தோம். ‘பணயம்’ என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இன்னொருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

மகளை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பாதை பூட்டியதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவளாகவே பாஸ் கந்தோருக்குப் போனதாக அயலில் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் சட்டையாம். போனவள் வரவில்லை.

டெல்சியா மிஸ் சொன்னது: இந்தத் துண்டு மட்டும் போதாது. இது ஏதோ ஒரு பொறுப்பாளர் தன் எண்ணத்துக்குச் செய்ததா, இல்லை கட்டளைப்படி எல்லா இடத்திலும் நடந்ததா என்று காட்ட வேண்டும். பாதை பூட்டியது தெரிந்தே எடுத்தார்களா என்றும் காட்ட வேண்டும். அந்தக் கந்தோரில் வேலை செய்த ஒருவராவது வாய் திறந்தால் நல்லது.

“ஆர் மிஸ் வந்து சொல்லப் போகினம்? சொல்லுறதெண்டால் இந்த எட்டு வருசத்தில வந்திருப்பினம்” என்றார் ஐயா.

நான் வாசித்த தாள்களை அடுக்கிக் கிளிப் போட்டேன்.

யூலை 27, புதன்

காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தேன். காய்ச்சல் இல்லை.

யூலை 29, வெள்ளி

இன்றும் போகவில்லை. வதனியும் புருஷனும் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். எழுதிவிடுகிறேன்.

அந்தக் கையொப்பம் தெளிவாகத்தான் இருக்கிறது. த. ம. தவமலர். நான் போட்டது.

இயக்கத்தில் நான் சேர்ந்ததில்லை. துவக்கைத் தொட்டதில்லை. எங்கள் அப்பா செத்த பிறகு வீட்டில் உழைக்க ஆள் இல்லை. உயர்தரம் படித்திருந்தேன், கையெழுத்து அழகாக இருக்கும். பாஸ் கந்தோரில் எழுதுகிற வேலைக்கு எடுத்தார்கள். தகரம் போட்ட வீடு, முன்பக்கம் ஒரு ஜன்னல். சனம் வெயிலில் வரிசையில் நிற்கும். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்து படிவம் நிரப்புவேன். மூன்றாவது பத்தி, பொறுப்புக்கு நிற்பவர். பெயர், வயது, ஆணா பெண்ணா. வயது முப்பத்தைந்துக்கு மேல் என்றால் வேறு ஆளைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமைகளில் திகதி தப்பியவர்களின் பட்டியல் எழுதிப் பொறுப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு நடப்பது எங்கள் பகுதி வேலை இல்லை. அப்படித்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது பேர். பாதை பூட்டி ஆறு நாள். வானொலியில் சொன்னார்கள். புதிய பாஸ் இல்லை என்று ஜன்னலில் அறிவித்தல் ஒட்டியதே நான்தான். அந்த ஒன்பது பேரின் ஆட்களும் வர வழியில்லாமல் ஓமந்தைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரியும். பொறுப்பாளரிடம் கேட்டேன். கட்டளை மாறவில்லை, எழுது என்றார்.

எட்டுப் பெயர்தான் எழுதினேன். ஒன்பதாவது எங்கள் சித்தியின் மகன். அவனை விட்டுவிட்டேன். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள்.

நிரோஜினி பட்டியலில் நாலாவது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவளே கந்தோருக்கு வந்தாள். பாதை பூட்டுப்பட்டதைச் சொல்ல வந்திருந்தாள், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்து. உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னேன். பன்னிரண்டு மணிபோல வான் வந்தது.

ஓகஸ்ட் 1, திங்கள்

வதனியிடம் சொன்னேன், டெல்சியா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று. அவள் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் இருந்தாள்.

முகாமில் பெயர் பதியும்போது இயக்கத்தில் வேலை செய்தவர்கள் தனியாக வாருங்கள் என்று ஆமி கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. வதனிதான் என் கையைப் பிடித்து வைத்திருந்தாள். அது வெளியே வந்தால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவள் புருஷனுடைய வேலைக்கும் இடைஞ்சல் வரலாம். ஊரும் பேசும். ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தவள் என்பார்கள், மற்றப் பக்கம் காட்டிக் கொடுக்கிறவள் என்பார்கள்.

“நீ சொன்னால் அந்தப் பிள்ளை வருமோ அக்கா?” என்று கேட்டாள்.

வராது என்றேன்.

“அப்ப ஏன்?”

தில்லையம்பலம் ஐயா இனியும் பஸ் ஏறி வந்து, அந்தக் கந்தோரில் வேலை செய்த ஆள் யார் வந்து சொல்லப் போகிறார்கள் என்று என் முன்னாலேயே கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றேன். வதனி அழுதாள். வேறு வீடு பார்த்துக்கொண்டு போகிறேன், உங்களுக்கு இடைஞ்சல் வராது என்றேன். அதற்குத்தான் கோபித்தாள். தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 3, புதன்

சொல்லிவிட்டேன். கதவைப் பூட்டிவிட்டு, முக்கால் மணி நேரம்.

டெல்சியா மிஸ் இடையில் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் முதலில் கேட்டது, யூலை பதினான்காம் திகதி வாக்குமூலத்தில் கையொப்பம் தெளிவில்லை என்று எழுதினீர்களே, அதைப் பற்றித்தான். என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்த இடத்தில்தான் உடைந்தது என்று முகத்தில் தெரிந்தது. அந்த வாக்குமூலம் இனிச் செல்லாது, முழுவதையும் வேறு ஆளை வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும். நான் தொட்ட மற்றக் கோப்புகளையும் பார்க்க வேண்டும். இந்தக் கந்தோரில் இனி நான் வேலை செய்ய முடியாது. சாட்சியாக மட்டும் வரலாம்.

எனக்குத் தண்டனை கிடைக்குமா என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது அக்கா. இப்ப இதை விசாரிக்க இங்க ஒரு கோர்ட்டும் இல்லை. நாளைக்கு வரலாம், வராமலும் விடலாம். வந்தால் நீங்கள் சாட்சி மட்டும் இல்லை. உங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நான் வாக்குத் தர ஏலாது. யோசிச்சுப் போட்டு வாங்கோ. ஒரு கிழமை எடுங்கோ. எனக்கு வேலை செய்யாத ஒரு வக்கீலையும் கேளுங்கோ.”

மேசை லாச்சியில் இருந்த என் சாமான்களை எடுத்தேன். ஒரு சீப்பு, பனடோல் மட்டை, அளவுகோல். சாவியைக் கொடுத்தேன். என்னோடு வாசல் படலை வரை வந்தார்.

ஓகஸ்ட் 9, செவ்வாய்

வக்கீல் ஒருவரைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது புத்தி என்றார். அது அவருடைய வேலை.

வாக்குமூலம் கொடுத்தேன். எழுதியவள் மன்னாரில் இருந்து வந்த பெனடிற்றா என்ற பெண். நான் இருந்த கதிரையில் அவள், எதிரே நான். இவ்வளவு வருடமும் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளை ஒழுங்கு மாறாமல் கேட்டாள். பெயர், பிறந்த திகதி, அப்போது செய்த தொழில்.

‘பட்டியல் அனுப்பப்பட்டது’ என்று சொன்னேன். யார் அனுப்பியது என்று டெல்சியா மிஸ் கேட்டார். ‘கந்தோரில் இருந்து’ என்றேன். கந்தோரில் யார் என்றார். நான் என்றேன். அதற்குப் பிறகும் எனக்கு அந்த மாதிரித்தான் வாயில் வந்தது. எடுக்கப்பட்டது, சொல்லப்பட்டது, ஏற்றப்பட்டார். ஒவ்வொன்றுக்கும் யார் என்று கேட்டார். பொறுப்பாளரின் பெயர், கட்டளைக் கடிதத்தில் இருந்த பகுதியின் பெயர், வான் சாரதி, எல்லாம் சொன்னேன். பட்டியலில் எழுதிய எட்டுப் பெயர்களில் ஆறைச் சொன்னேன். இரண்டு நினைவுக்கு வரவில்லை.

பாதை பூட்டியது தெரியுமா? தெரியும். ஒரு பெயரை விட முடிந்திருக்குமா? சித்தியின் மகனைப் பற்றிச் சொன்னேன். பெனடிற்றா எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு எழுதினாள்.

பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்தேன். ஐயாவுக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டார்கள். தெரிய வேண்டும், அவர் விரும்பினால் நான் நேரில் வருகிறேன் என்றேன்.

வீட்டில் வதனி எனக்கும் தேத்தண்ணி வைத்திருந்தாள்.

ஓகஸ்ட் 16, செவ்வாய்

தில்லையம்பலம் ஐயா சந்திக்கச் சம்மதித்தார். பத்து மணி. டெல்சியா மிஸ்ஸும் பெனடிற்றாவும் இருந்தார்கள். நான் போனபோது ஐயா என் பதினொரு பக்கத்தையும் வாசித்து முடித்து, தாள்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கத்துவார், அடிக்க வருவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில், மகளின் முகம் எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். மஞ்சள் சட்டை, இரட்டைப் பின்னல். சைக்கிளில் வந்தாள், வேலியில் சாத்தினாள். கையில் ஒரு கொப்பி வைத்திருந்தாள். காலையில் சாப்பிட்டவளா என்று கேட்டார். பிஸ்கற் கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டாள் என்றேன். அழுதவளா என்று கேட்டார். வான் வரும் வரை அழவில்லை. ஏற்றும்போது அம்மா என்றுதான் கூப்பிட்டாள். எந்தப் பக்கம் போனார்கள்? கிழக்கே. சைக்கிள் என்ன ஆனது? தெரியாது. இரண்டு நாள் வேலியில் நின்றது, பிறகு இல்லை.

ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டார். காலையில் இருந்து பன்னிரண்டு மணி வரை அவள் அந்தக் கதிரையில் இருந்தாளா என்று கேட்டார். ஓம் என்றேன்.

“மூண்டு மணித்தியாலம். கதவு துறந்துதானே இருந்தது. ஏன் பிள்ளை அவள் எழும்பிப் போகேல்லை?”

டெல்சியா மிஸ் என்னைப் பார்த்தார். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை, இந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

“நான்தான் இருக்கச் சொன்னனான் ஐயா. ‘பாதை பூட்டினது எங்களுக்குத் தெரியும், கதைச்சிட்டு உங்களை வீட்டை விடுவினம், பயப்பிடாதையுங்கோ’ எண்டு சொன்னனான்.”

“விடமாட்டினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அவள் நம்பினவளோ?”

“நம்பினவள். எனக்கு நன்றி சொன்னவள்.”

அவர் கண்ணாடியைப் போட்டார். கவிழ்த்து வைத்த தாள்களைத் திருப்பி, எட்டாம் பக்கத்தை எடுத்து விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரியில் நிறுத்தினார்.

“இதில அது இல்லை மிஸ். அதையும் எழுதுங்கோ.”

பெனடிற்றா புதுத் தாள் எடுத்து, மேலே மேலதிக வாக்குமூலம் என்று எழுதினாள். நான் சொன்னேன், அவள் எழுதினாள். மூன்று வரிதான் வந்தது. வாசித்துக் காட்டினாள். ‘வீட்டுக்கு விடுவார்கள் என்று நான் பொய் சொன்னேன்’ என்ற இடத்தில் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையொப்பம் வைத்தேன். அவர் அந்தத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்துவிட்டு, மற்றப் பதினொன்றோடும் சேர்த்து மேசையில் தட்டி ஒழுங்காக்கி டெல்சியா மிஸ்ஸிடம் கொடுத்தார்.

பதினொன்றரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசலில் குனிந்து செருப்பைப் போட்டார். என்னிடம் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்துப் படலை வரை பின்னால் போனேன். சொல்லவில்லை. வீதியைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தார், கடந்தார், பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார். பஸ் வரும் வரை நானும் படலையில் நின்றேன்.